கேப் டிஸப்பாயின்ட்மென்ட் பார்க்: அம்மா, பிள்ளைகளோடு அக்டோபரில் மூன்று இரவு தங்கலாமா?

கயல்_ரெட்மண்ட்

வணக்கம். மதுரையில் இருந்து அம்மா வந்திருக்கிறார். வயது 68. நவம்பர் முதல் வாரம் ஊர் திரும்புகிறார். அதற்குள் ஒரு தடவை பசிபிக் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார், அதுவும் ஹோட்டல் ஜன்னல் வழியாக வேண்டாமாம், கடல் சத்தம் கேட்டபடி தூங்க வேண்டுமாம். பெரியவளுக்கு 9, சின்னவனுக்கு 6.

வாஷிங்டன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், இல்வாக்கோ ஊரை ஒட்டி இருக்கிற கேப் டிஸப்பாயின்ட்மென்ட் ஸ்டேட் பார்க்கில் யாரோ ரத்து செய்த ஒரு யர்ட் (வட்ட வடிவக் கூடார வீடு) அக்டோபர் நடுவில் மூன்று இரவுக்குக் கிடைக்கிறது. இன்னும் பணம் கட்டவில்லை. இரண்டு கலங்கரை விளக்கம் இருக்கிறது என்று படித்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஏறி இறங்க முடியாது. மழைக்காலத்தில் போவது புத்திசாலித்தனமா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆரிகனில் இருக்கிற ஃபோர்ட் ஸ்டீவன்ஸ் பார்க் பெரியது என்கிறார்களே, அதுவே போதுமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பைன்மரம்

பணத்தை இப்போதே கட்டிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம். அந்தப் பார்க்கில் மொத்தமே 14 யர்ட்டுகளும் 3 கேபின்களும்தான். ஒன்பது மாதத்துக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும், கோடைக்கால வார இறுதிகள் உடனே போய்விடும். நானே ஆறு முறை போயிருக்கிறேன், அதில் இரண்டு முறைதான் யர்ட் கிடைத்தது.

அக்டோபருக்கு டென்ட் வேண்டவே வேண்டாம். மூன்று வருடம் முன் இதே மாதத்தில் டென்ட் போட்டேன். மாலையில் வானம் பளிச்சென்று இருந்தது. இரவு இரண்டு மணிக்குத் தெற்குக் காற்று எழும்பியது. மணல் தரையில் அடித்த முளை மழையில் ஊறி ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. நானும் மனைவியும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். யர்ட்டில் அந்தக் கவலை இல்லை. வட்டமான மரச்சட்டம், மேலே கனமான துணி, உள்ளே அடுக்குக் கட்டில், மடக்கு சோபா, ஹீட்டர், விளக்கு எல்லாம் உண்டு. கழிவறை மட்டும் வெளியே நடந்து போக வேண்டும். அம்மாவுக்கு ஒரு நல்ல டார்ச்சும் வழுக்காத செருப்பும் எடுத்து வையுங்கள்.

குமரன்_டகோமா

மாற்றுக் கருத்து சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் போன வருடம் காலையில் கிளம்பி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டிப் போனோம். ஒரே மூடுபனி. முக்கியமான கலங்கரை விளக்கத்துக்கு மேடும் பள்ளமுமாக நடந்துபோய்ச் சேர்ந்தால் உள்ளே விடுவதே இல்லையாம். பக்கத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால் உச்சி பனியில் மறைந்திருக்கிறது. பிள்ளைகள் பசியில் அழ, மாலையே திரும்பிவிட்டோம். பெயரிலேயே 'ஏமாற்றம்' இருக்கிறது, எங்களுக்கு அதுதான் கிடைத்தது. வயதான அம்மாவை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவதற்கு முன் யோசியுங்கள்.

வல்வைக்காரன்

தம்பி குமரன், உங்களுக்கு நடந்ததுதான் அந்த இடத்துக்குப் பெயர் வைத்தவருக்கும் நடந்தது. 1788 ஜூலையில் ஜான் மியர்ஸ் என்ற ஆங்கிலேய வணிகர் ஒரு பெரிய ஆற்றைத் தேடி அங்கே வந்தார். முகத்துவாரம் முழுக்க அலை உடைந்து வெள்ளையாகக் கிடந்ததைக் கண்டு, இங்கே ஆறே இல்லை என்று முடிவுகட்டி, முனைக்கு 'ஏமாற்றம்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார். அவர் பார்த்துக்கொண்டு நின்றதே கொலம்பியா ஆற்றின் வாயைத்தான். நாலு வருடம் கழித்து, 1792 மே மாதம், ராபர்ட் கிரே என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் அதே அலைக்குள் கப்பலை விட்டு உள்ளே போனார். ஆற்றுக்கு இன்று இருக்கிற பெயர் அவருடைய கப்பலின் பெயர்.

நான் வல்வெட்டித்துறையில் பிறந்தவன், இப்போது வான்கூவர் பக்கம் இருக்கிறேன். எங்களுடைய ஆட்கள் கலங்கரை விளக்கத்தை 'வெளிச்சவீடு' என்றுதான் சொல்லுவார்கள். பாய்க்கப்பல் கட்டிய ஊர் அது. அங்கே கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இந்த இடத்தை வெளிச்சவீட்டுக்காகப் பார்க்கப் போனால் ஏமாற்றம்தான். ஆற்றின் வாயைப் பார்க்கப் போக வேண்டும். வெளிச்சவீடு ஏன் அங்கே நிற்கிறது என்று அப்போதுதான் விளங்கும்.

பெருக்கு நேரத்தில், அதாவது கடல் ஏறும்போது, கடல் ஆற்றுக்குள் போகும். வத்து நேரத்தில், அதாவது கடல் வடியும்போது, ஆறும் கடலும் சேர்ந்து வெளியே இழுக்கும். அவ்வளவு பெரிய ஆறு, இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடி வந்த தண்ணீர், வெளியே பாயும்போது எதிரே பசிபிக்கின் நீள அலை வரும். அடியில் மணல்திட்டு, ஆழம் குறைவு. தள்ளுகிற நீரும் வருகிற அலையும் முட்டினால் அலை நீளம் குறுகி, உயரம் ஏறி, சுவர் மாதிரி நின்று உடையும். காலையில் குளம்போலக் கிடந்த இடம் ஒரு மணி நேரத்தில் வேறாகிவிடும். இதுவரை அங்கே சுமார் இரண்டாயிரம் கலங்கள் மூழ்கிப் போயிருக்கின்றன என்பார்கள். 'பசிபிக்கின் இடுகாடு' என்று அந்தக் கரைக்கே பெயர்.

தங்கச்சி கயல், வத்து-பெருக்கு அட்டவணையை அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். வத்து பலமாக இருக்கிற நேரத்தில் அம்மாவைப் பார்வை மேடைக்குக் கூட்டிப் போங்கள்.

பைன்மரம்

குமரன் சொன்னதில் பாதி உண்மை, அதனால் விவரமாக எழுதுகிறேன். இரண்டு கலங்கரை விளக்கங்களையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, கேப் டிஸப்பாயின்ட்மென்ட் விளக்கம். வெள்ளைக் கோபுரத்தில் குறுக்கே கறுப்புப் பட்டை. 1856 அக்டோபரில் ஏற்றினார்கள். அதைக் கட்டச் சாமான் ஏற்றி வந்த ஓரியோல் என்ற கப்பல் 1853இல் அந்த முகத்துவாரத்திலேயே மூழ்கிவிட்டது. எந்த ஆபத்துக்காக விளக்கு கட்ட வந்தார்களோ அந்த ஆபத்திலேயே செங்கல் போனது. ஆட்கள் தப்பித்தார்கள். மறுபடி சாமான் வந்து, கோபுரம் எழும்பி, கடைசியில் லென்ஸைக் கொண்டுபோய்ப் பார்த்தால் உச்சி அறைக்குள் அடங்கவில்லை. பிரித்துவிட்டுத் திரும்பக் கட்டினார்கள். பனிக்கு என்று 1600 பவுண்டு மணி ஒன்றும் வைத்தார்கள். அலை இரைச்சலில் மணிச் சத்தம் கப்பலுக்குக் கேட்கவே இல்லை என்பதால் 1881இல் அதை நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு நடை, லூயிஸ்-கிளார்க் விளக்க மையத்தில் (லூயிஸ், கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வுப் பயணிகளின் பெயரில் இருக்கிற காட்சியகம்) இருந்து ஒரு வழிக்கு முக்கால் மைல் அளவு. கடைசி ஏற்றம் செங்குத்து. உள்ளே விடுவதில்லை. அம்மாவுக்கு இது வேண்டாம்.

ஆனால் வய்கிக்கி பீச் என்று ஒன்று பார்க்குக்குள்ளேயே இருக்கிறது. (முகத்துவாரத்தைக் கடக்கும்போது இறந்த ஹவாய் மாலுமி ஒருவரின் உடல் ஒதுங்கிய இடம் என்பதால் அந்தப் பெயர்.) காரை நிறுத்திவிட்டு நாலு எட்டு நடந்தால் போதும். அங்கே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து நிமிர்ந்தால் பாறை உச்சியில் அந்த விளக்கம் நிற்கும். ஒரு படிகூட ஏறாமல் நன்றாகப் பார்க்கலாம்.

இரண்டாவது, நார்த் ஹெட் விளக்கம். 1898இல் கட்டியது. வடக்கே இருந்து வரும் கப்பலுக்கு முதல் விளக்கம் பாறை மறைத்துத் தெரியவில்லை, அதனால் இரண்டு மைல் தள்ளி இன்னொன்று. பழைய பெரிய லென்ஸை இங்கே மாற்றினார்கள். 65 அடிக் கோபுரம், 69 படி. உள்ளே போவது சீசனையும் அன்றைய நிலைமையையும் பொறுத்தது, சின்னப் பிள்ளைகளுக்கு வயது வரம்பும் வைப்பார்கள், முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் வெளியே நின்று பார்க்க, நிறுத்துமிடத்தில் இருந்து போகும் பாதை நல்ல பாதை. அம்மா நின்று நின்று போகலாம். அங்கே காற்று மட்டும் லேசுப்பட்டதல்ல. 1921 ஜனவரிப் புயலில் மணிக்கு 120 மைலைத் தாண்டிய பிறகு காற்றை அளக்கிற கருவியே பறந்துவிட்டது.

கயல்_ரெட்மண்ட்

பணம் கட்டிவிட்டேன்! எல்லோருக்கும் நன்றி. வல்வை அண்ணா, ஓத அட்டவணையைப் பார்க்க இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன். குமரன், உங்கள் அனுபவத்தையும் மனதில் வைத்துக்கொண்டேன், அதனால்தான் ஒரு பகல் என்று வைக்காமல் மூன்று இரவும் எடுத்தேன்.

இன்னொரு கேள்வி. யர்ட்டில் இருந்து கடற்கரைக்குப் பிள்ளைகள் தனியாக ஓடலாமா? தண்ணீரில் கால் நனைக்கலாமா?

தாமரை_அஸ்டோரியா

தனியாக விடவே விடாதீர்கள். நான் ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம், அஸ்டோரியாவில், பதினோரு வருடமாக இருக்கிறேன், இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

கேம்ப்கிரவுண்டை ஒட்டிய பென்ஸன் பீச் முழுக்கப் பெரிய பெரிய மரக்கட்டைகள் ஒதுங்கிக் கிடக்கும். பிள்ளைகளுக்கு ஏறி விளையாட ஆசையாக இருக்கும். ஆனால் ஓர் அலை முன்னே வந்த அலைகளைவிட நெடுந்தூரம் ஏறி வரும், முழங்கால் அளவுத் தண்ணீர் போதும், டன் கணக்கான கட்டையை அது உருட்டிவிடும். ஆள் அடியில் மாட்டினால் தூக்க முடியாது. ஈர மணலில் கிடக்கும் கட்டையில் யாரும் ஏறக் கூடாது. அலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது. நீச்சல் என்ற பேச்சே வேண்டாம். தண்ணீர் கோடையிலேயே உறைகிற குளிர், இழுப்பும் அதிகம்.

அப்புறம், பிள்ளைகளிடம் சொல்ல ஒரு விஷயம். நீங்கள் படுத்துத் தூங்கப்போகிற அந்தத் தரை 1805இல் லூயிஸ், கிளார்க் வந்தபோது கிடையாது, அங்கே கடல் இருந்தது. 1917இல் ஆற்று வாயில் கடலுக்குள் நீளும் வடக்குக் கல்லணையை (ஜெட்டி) கட்டி முடித்த பிறகு அதற்குப் பின்னால் மணல் சேர்ந்து சேர்ந்து, புல் முளைத்து, மரம் வளர்ந்து, இப்போது கேம்ப்கிரவுண்டாக இருக்கிறது. பழைய கரை எது என்று பார்க்க வேண்டுமானால் உள்பக்கம் திரும்பி அந்தச் செங்குத்துப் பாறைகளைப் பாருங்கள், அலை அறைந்த பாறைகள் அவை.

இன்னொன்று. இங்கே பேச்சு மியர்ஸ், கிரே என்று போகிறது. அவர்களுக்கு முன்பே அந்த ஆற்றின் வாய் சினூக் மக்களுடையது. நீளமான மரத்தோணியில் அந்த அலையைத் தாண்டி வாணிபம் செய்தவர்கள். அமெரிக்க அரசு 2001இல் அவர்களைப் பழங்குடி நாடாக அங்கீகரித்துவிட்டு, அடுத்த வருடமே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். படகுத்துறைப் பக்கம் மாயா லின் என்ற அமெரிக்கச் சிற்பக் கலைஞர் வடிவமைத்த ஒரு மீன் வெட்டும் மேடை இருக்கிறது. கறுப்பு பசால்ட் கல். மேலே சினூக்கரின் தோற்றக் கதையைச் செதுக்கியிருக்கிறார்கள். நான் பார்த்த அன்று ஒருவர் அதன் மேல் சால்மன் வெட்டிக்கொண்டிருந்தார், எழுத்துப் பள்ளங்களில் ரத்தமும் செதிலும் தங்கியிருந்தது. வெட்டி முடித்துக் குழாயைத் திறந்துவிட்டதும் எழுத்து ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தது. அதைத் தவறவிடாதீர்கள். நினைவுச் சின்னம் என்று கயிறு கட்டி வைக்காமல், வேலை நடக்கிற கல்லாக வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

குமரன்_டகோமா

தாமரை அக்கா, இது எதுவுமே எனக்குத் தெரியாது. வய்கிக்கி பீச்சைத் தாண்டித்தான் போனோம், இறங்கவே இல்லை. படகுத்துறைப் பக்கமும் போகவில்லை. கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்று மனதில் வைத்துக்கொண்டு போனதுதான் தப்பு. இருந்தாலும் ஒரு சந்தேகம்: மூன்று நாளும் பனியாக இருந்தால் என்ன செய்வது?

பைன்மரம்

பனி வந்தால் விளக்க மையம். முகத்துவாரத்துக்கு நேர் மேலே கண்ணாடி ஜன்னலோடு இருக்கிற கட்டடம். நிறுத்துமிடத்தில் இருந்து சிறு ஏற்றம் உண்டு, மெதுவாகப் போகலாம். போகும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரிய லென்ஸ் இப்போது அங்கேதான். ஆளை விட உயரம், சுற்றிலும் அடுக்கடுக்காகப் பட்டகங்கள், பித்தளைச் சட்டம். 1932இல் ஒரு காட்டு வாத்து நார்த் ஹெட் ஜன்னலை உடைத்துக்கொண்டு வந்து மோதி இதன் விளிம்பில் ஒரு சில்லைப் பெயர்த்துவிட்டது. பிள்ளைகளிடம் சொன்னால் அந்த உடைசலைத் தேடியே அரை மணி போய்விடும். மையத்தை ஒட்டி ஹார்வி ஆலன் பீரங்கி மேடை என்று இருட்டறைகள் கொண்ட பழைய கான்கிரீட் அரண் இருக்கிறது, அங்கேயும் டார்ச்சோடு ஓடலாம்.

சாப்பாட்டுக்கு: யர்ட்டுக்குள் சமைக்கக் கூடாது. வெளியே மேசை இருக்கிறது, மேலே ஒரு தார்ப்பாய் கட்டிக்கொண்டால் மழையிலும் அடுப்பு எரியும். புளிக்காய்ச்சல், தோசை மாவு, ரசப்பொடி கொண்டுபோங்கள். மாவுப் பாத்திரத்தைக் காரிலேயே வையுங்கள், ரக்கூன் மூடியைத் திறக்கும். அக்டோபரில் பக்கத்து ஊரான லாங் பீச் பக்கம் கிரான்பெர்ரி அறுவடை நடக்கும். ஒரு பை வாங்கி வந்து அம்மாவிடம் கொடுத்தால் ஊறுகாய் தயார்.

வல்வைக்காரன்

ஒன்றை மறந்துவிட்டேன். அந்த முனையில் அமெரிக்கக் கடலோரக் காவல் படை மோட்டார் உயிர்காப்புப் படகுப் பள்ளி நடத்துகிறது. கவிழ்ந்தாலும் தானே நிமிர்கிற 47 அடிப் படகுகள். நாட்டிலேயே மோசமான அலை இங்கே இருக்கிறது என்பதால்தான் படிக்க இங்கே வருகிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் பயிற்சியைப் பார்க்கலாம்.

கயல்_ரெட்மண்ட்

போய் வந்துவிட்டோம். நேற்று இரவுதான் வீடு சேர்ந்தோம், மறப்பதற்குள் எழுதுகிறேன்.

முதல் நாள் மழை விடவே இல்லை. யர்ட்டின் கூரைத்துணியில் மழை விழுகிற சத்தத்துக்கும் கடல் இரைச்சலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அம்மா ஹீட்டர் பக்கத்துக் கட்டிலில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, "நம்ம வீட்டு ஓட்டுத் தாழ்வாரம் மாதிரி இருக்கு" என்றார். தார்ப்பாயின் கீழே ரசமும் சாதமும். கழிவறைக்குப் போக டார்ச்சு மிகவும் உதவியது, பைன்மரம் அவர்களுக்கு நன்றி.

இரண்டாம் நாள் காலை பனி. குமரன் சொன்ன அதே பனி. நார்த் ஹெட் வரைக்கும் நடந்தோம், அம்மா மூன்று இடத்தில் நின்றார். கோபுரம் அடிப்பாகம் மட்டும் தெரிந்தது. பனிக்குள்ளிருந்து அலை மோதும் சத்தம் கீழே இருந்து வருகிறதா பக்கத்தில் இருந்து வருகிறதா என்று பிடிபடவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தச் சத்தத்தில் அந்த மணி எப்படிக் கேட்கும்?" என்றார். நான் இந்த இழையை அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்.

மதியம் பனி விலகியது. அட்டவணைப்படி இரண்டரைக்கு வத்து பலம். விளக்க மையத்துக்கு வெளியே நின்றோம். ஒரு மணிக்கெல்லாம் ஒன்றுமே இல்லை, நான்கூடச் சந்தேகப்பட்டேன். இரண்டைத் தாண்டியதும் ஆற்றின் நடுவில் ஒரு கோடு விழுந்தது. இந்தப் பக்கம் பழுப்பு, அந்தப் பக்கம் பச்சை. கோட்டுக்கு அப்பால் ஓரிடத்தில் வெள்ளை தெரிந்தது, அப்புறம் பக்கத்தில் இன்னொன்று, பிறகு கணக்கே இல்லை. அந்த நேரம் ஒரு சரக்குக் கப்பல் வெளியே போனது. அவ்வளவு பெரிய கப்பலின் மூக்கு மெதுவாக மேலே போய், மெதுவாகக் கீழே இறங்கியது. பெரியவள் எண்ணினாள், பதினேழு தடவை. கப்பல் தாண்டி நேராகும்வரை அம்மா பேசவில்லை. பிறகு, "வைகை கடலுக்குப் போய்ச் சேருகிற இடத்தை நான் பார்த்ததே இல்லை" என்றார். ஊருக்குப் போனதும் பார்க்க வேண்டுமாம்.

லென்ஸில் சின்னவன் தேடித் தேடி ஓரிடத்தைக் காட்டி, வாத்து மோதியது இங்கேதான் என்று முடிவு செய்துவிட்டான். அங்கே இருந்த தொண்டர் ஒருவரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

மீன் வெட்டும் மேடைக்குக் கடைசி நாள் போனோம். யாரும் இல்லை, மழைத்தண்ணீர் எழுத்துகளில் நின்றது. பெரியவள் விரலால் ஒவ்வொரு வரியாகத் துடைத்து வாசித்தாள், அம்மாவுக்கு நான் தமிழில் சொன்னேன். பாதிக் கதையில் மழை பிடித்துக்கொண்டது, மீதியைக் காரில் உட்கார்ந்து சொன்னேன்.

குமரன்_டகோமா

படிக்கப் படிக்க மறுபடி போக வேண்டும் என்று இருக்கிறது. பிப்ரவரியில் எங்களுக்கு ஒரு யர்ட் கிடைத்திருக்கிறது, இரண்டு இரவு. வல்வை அண்ணா, அந்த அட்டவணையில் எந்த நேரத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தடவை விளக்கமாகச் சொல்லித் தருவீர்களா?

வல்வைக்காரன்

கட்டாயம். நீங்கள் போகிற தேதியைப் போடுங்கள் தம்பி. அமாவாசை, பௌர்ணமிக்குப் பக்கமாக இருந்தால் இழுப்பு இன்னும் பலமாக இருக்கும். முதலில் அதைப் பார்ப்போம்.

கயல்_ரெட்மண்ட்

குமரன், தார்ப்பாயும் கயிறும் எங்களிடம் இருக்கிறது, வாங்க வேண்டாம். வழியில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா போட்டு வைத்துவிட்டுப் போன கிரான்பெர்ரி ஊறுகாயும் ஒரு பாட்டில் தருகிறேன்.